கறுப்பும் பருமனும் குற்றமா?

மனிதனை மனிதன் இழிவுபடுத்துவதற்கு நம் நாட்டில் ஏற்பட்டிருக்கும் சாதனங்கள் கொஞ்சமல்ல. பிறப்பைச் சொல்லி இழிவு, தொழிலைச் சொல்லி இழிவு, பெண்ணாய்ப் பிறந்ததைச் சொல்லி இழிவு என்பவை போதாதென்று, தேகத்தின் நிறத்தையும் கனத்தையும் சொல்லி இழிவுபடுத்துவதும் நாள்தோறும் நடந்து வருகிறது. முன்னவைகளை இழிவு என்று ஒப்புக்கொள்ளவாவது ஜனங்கள் இன்று ஓரளவு துணிந்திருக்கிறார்கள். இதையோ இழிவு என்றே எவரும் எண்ணுவதில்லை. "தமாஷுக்குச் சொன்னோம்" என்கிறார்கள். சொல்லப்பட்டவன் முகம் சுருங்கினால், "இதற்குப் போய்க் கோபமா?" என்று அவன் மீதே குற்றத்தைத் திருப்புகிறார்கள். ஆகவே இந்தத் தமாஷின் யோக்கியதை என்ன என்பதைச் சற்று விசாரிப்போம்.

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் சென்னையில் "அதர்ஸ்" என்ற சினிமாப் படத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் கூடிய இடத்தில் ஒரு சம்பவம் நடந்தது. படத்தில் கதாநாயகன் கதாநாயகியைத் தூக்குவதாக ஒரு காட்சி உண்டாம். அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் எடை என்ன என்று ஒருவர் கதாநாயகனிடம் கேட்டிருந்தார். நடிகை கௌரி கிஷன் அந்தக் கூட்டத்தில், தம் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம், ஒரு ஆண் நடிகரை இப்படிக் கேட்பீர்களா என்ற தோரணையில் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டார். கேள்வி கேட்டவரோ தம் கேள்வியில் தப்பே இல்லை என்று வாதாடினார். பக்கத்திலிருந்த ஆண்கள் அந்நேரத்தில் வாய் திறக்கவில்லை. மறுநாள் நாடு முழுவதும் பேச்சு ஏற்பட்ட பின்பே கண்டனங்களும் வருத்தங்களும் வந்தன.

தோழர்களே! பேரும் புகழும் உள்ள ஒரு பெண்ணுக்கே, பத்துக் காமிராக்களுக்கு முன்னால் இந்தக் கதி என்றால், காமிராவும் கண்டனமும் இல்லாத கிராமத்துத் திண்ணையிலும், பள்ளிக்கூடத்துப் பெஞ்சிலும், மாமியார் வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கிற பெண்ணின் கதி என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

பண்ருட்டிப் பக்கத்தாருக்கு முந்திரிப் பருப்பைத் தரம் பிரிப்பதைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 180, 240, 320 என்று எண் போட்டுப் பிரிக்கிறார்கள். ஒரு ராத்தலுக்கு ஏறக்குறைய எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். பெரிதாய், முழுசாய், வெள்ளையாய் இருந்தால் உயர்ந்த விலை. உடைந்தால் விலை குறைவு. வறுப்பில் சற்றுக் கருகி நிறம் மாறினாலும் விலை குறைவு. இது வியாபாரம். பருப்புக்கு மானமும் இல்லை, அவமானமும் இல்லை. ஆகையால் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பெண் பார்ப்பது என்கிற சடங்கில் நடப்பது என்ன? பெண்ணை அலங்கரித்து நடக்கச் சொல்லுகிறார்கள், நிற்கச் சொல்லுகிறார்கள், பாடச் சொல்லுகிறார்கள். நிறம் எப்படி, பருமன் எப்படி, பல் எப்படி என்று பார்த்துவிட்டு, பஜ்ஜியையும் சொஜ்ஜியையும் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்துவிடுகிறார்கள். பெண் கறுப்பாயிருந்தால் பத்துப் பவுன் அதிகம். தடித்திருந்தால் அதற்குமேல் ஒரு மோட்டார் சைக்கிள். வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. தேகத்துக்குத் தரம் பிரித்து விலை பேசுவதோ இன்னும் போகவில்லை. முந்திரி மண்டிக்கும் இந்தக் கூடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். மண்டியிலாவது பருப்புக்குப் பணம் கொடுத்து வாங்குகிறான். இங்கே பெண்ணையும் வாங்கிக்கொண்டு பணத்தையும் வாங்கிக்கொள்ளுகிறான்!

இந்தப் பித்தலாட்டத்துக்கு ஆதாரம் எங்கே என்று தேடினால், வழக்கம்போல் சாஸ்திரத்திலேயே இருக்கிறது. மனுதர்மம் மூன்றாம் அத்தியாயத்தில், எந்தப் பெண்ணை மணக்கலாகாது என்று ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறது. செம்பட்டை மயிர்க்காரி, அவயவம் அதிகமுள்ளவள், நோயாளி, உடம்பில் மயிரே இல்லாதவள், மயிர் அதிகமுள்ளவள், அதிகம் பேசுகிறவள் ஆகியோர் கூடாதாம். அன்னம் போலவோ யானை போலவோ நடையும், மெல்லிய மயிரும், சிறிய பல்லும், மிருதுவான அங்கமும் உள்ளவளே ஆகுமாம். மாப்பிள்ளையின் நடையையும் பல்லையும் அந்த இடத்தில் கணக்குப் பார்க்கவில்லை. அங்கேயே நட்சத்திரத்தின் பேரும், நதியின் பேரும் உள்ள பெண்ணும் கூடாது என்றிருக்கிறது. அப்படியானால் நம் ஊர் ரோகிணிகளும் காவேரிகளும் கன்னியாகவே இருந்துவிட வேண்டியதுதானா? பேர் விஷயத்தில் சாஸ்திரத்தைக் குப்பையில் போட்ட நம் ஜனங்கள், உடம்பு விஷயத்தில் மாத்திரம் அதைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் பக்தியல்ல, லாபமே.

பக்தர்களையும் ஒன்று கேட்கிறோம். தொந்தியும் தும்பிக்கையுமுள்ள பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் தொந்தியுள்ள பையனைப் பார்த்து, "குண்டா!" என்று கூப்பிடுகிறீர்களே, இது என்ன நியாயம்? காளி கறுப்பு, கண்ணன் கறுப்பு என்று பாடிவிட்டு, மருமகள் மட்டும் எலுமிச்சம்பழ நிறத்தில் வேண்டும் என்கிறீர்களே, இது என்ன யோக்கியதை? கல்லானால் கும்பிடுவது, மனிதனானால் கேலி செய்வது என்பதுதான் உங்கள் மதமா?

நிற்க, இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மனிதத் தோலில் மெலனின் என்ற ஒரு நிறப்பொருள் உண்டாகிறது. அதை உண்டாக்கும் அணுக்கள் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒன்றே. உண்டாகும் அளவும் வகையும்தான் வித்தியாசம். சூரியனின் கொடிய கதிர்களிலிருந்து தோலைக் காப்பது அதன் வேலை. வெய்யில் நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த கூட்டத்துக்கு அது அதிகமாயிருக்கிறது. அதாவது இயற்கை கொடுத்த குடை அது. குடை வைத்திருப்பவனைக் குடையில்லாதவன் பார்த்துச் சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

அதற்குமேல் வேலையால் வரும் கறுப்பு ஒன்று. முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பாருங்கள். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்து, உரிந்து, கறுத்துப் போயிருக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் தப்புவதில்லை. அந்தக் கறுத்த கை உடைத்து எடுத்த வெள்ளைப் பருப்புத்தான் பணக்காரன் பாயசத்தில் மிதக்கிறது. வெய்யிலில் களை பறிப்பவள் கறுக்கிறாள். நிழலில் உட்கார்ந்து தின்பவன் வெளுக்கிறான். பிறகு வெளுத்தவன் மேல், கறுத்தவள் கீழ் என்று ஏற்பாடு. ஆகவே கறுப்பின் மேலுள்ள வெறுப்பு, உழைப்பின் மேலும், உழைக்கும் ஜாதியின் மேலும் உள்ள வெறுப்பேயொழிய வேறல்ல.

பருமன் விஷயமும் இப்படியே. ஏழைக்கு ஒரு வேளைக் கஞ்சிக்கே வழியில்லாத காலத்தில், மிராசுதாரின் தொந்தி செல்வத்தின் அடையாளமாயிருந்தது. எலும்பும் தோலுமாயிருந்த பண்ணையாளைப் பார்த்து, "நோஞ்சான்" என்று சிரித்தார்கள். இன்றோ மலிவாய்க் கிடைப்பது அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும். பணமுள்ளவன் ஆள் வைத்துத் தேகப்பயிற்சி செய்து மெலிகிறான். இப்போது மெலிவு உயர்வாகவும் பருமன் இழிவாகவும் ஆகிவிட்டது. பணக்காரன் எப்படியிருக்கிறானோ அதுவே அழகு என்பதல்லாமல், இந்த அழகுக்கு வேறு இலக்கணம் உண்டா?

"அழகு என்பது அல்ல; ஆரோக்கியத்துக்காகத்தான் சொல்லுகிறோம்" என்று சிலர் வருவார்கள். சரி, அதையும் பார்ப்போம். இந்திய அரசாங்கத்தார் 2019 முதல் 2021 வரை எடுத்த குடும்ப நலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். நூற்றுக்கு 40 பேர் ஒரே காலத்தில் சோம்பேறிகளாகவும் பெருந்தீனிக்காரர்களாகவும் மாறிவிட்டார்கள் என்று புத்தியுள்ளவன் எவனாவது சொல்லுவானா? பரம்பரை, பிரசவம், தைராய்டு, சில மருந்துகள், தூக்கமின்மை, உட்கார்ந்தே செய்யும் வேலை, மலிவான மாவுச்சத்து, பெண்கள் அச்சமின்றி நடப்பதற்கு வசதியில்லாத தெருக்கள் என்று காரணங்கள் பல.

எடையை உயரத்தோடு ஒப்பிட்டு எண் போடும் கணக்கையும் வேத வாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. அதை 19-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய பெல்ஜியம் தேசத்து கெத்தலே வைத்தியரல்ல. வான சாஸ்திரமும் புள்ளிக் கணக்கும் அறிந்தவர். கூட்டத்துக்குச் சராசரி பார்க்கவே அவர் அதைச் செய்தார். மூட்டை தூக்குபவனின் தசையையும் முதலாளியின் கொழுப்பையும் அந்தக் கணக்கு வேறு பிரித்துச் சொல்லாது. நம் நாட்டில் பார்வைக்கு ஒல்லியாயிருப்பவனுக்கும் நீரிழிவு வருகிறது. ஆகையால் தெருவில் போகிறவனைப் பார்த்த மாத்திரத்தில் வியாதி கண்டுபிடிக்கும் திண்ணை வைத்தியர்கள் வாயை மூடிக்கொள்வது நலம்.

அதிகக் கொழுப்பினால் நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் முழங்கால் நோவும் வரக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. வந்தால் வைத்தியம் செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் கேலி எந்த வைத்திய சாஸ்திரத்தில் மருந்தாகச் சொல்லப்பட்டிருக்கிறது? 2020-இல் பல தேசத்து வைத்திய நிபுணர்கள் கூடி வெளியிட்ட பொது அறிக்கையில், எடையைச் சொல்லி இழிவுபடுத்துவது தேகத்துக்கும் மனதுக்கும் கெடுதியே செய்கிறது, சிகிச்சைக்கும் தடையாகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அது அனுபவத்துக்கும் ஒத்ததே. எந்த நோவுக்குப் போனாலும் முதலில் வசவு கிடைக்குமானால் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு ஏன் போவாள்? நோவை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பாள். அப்படியானால் ஆரோக்கியத்தின் பேரால் செய்யப்படும் கேலி, ஆரோக்கியத்துக்கே சத்துரு என்று ஏற்படவில்லையா?

இந்த இழிவை வைத்துப் பிழைக்கும் வியாபாரிகளின் சங்கதி வேறு. 1975-இல் ஒரு பெரிய கம்பெனி "ஃபேர் அண்ட் லவ்லி" என்ற களிம்பைக் கொண்டுவந்தது. வெளுத்தால் வரன் கிடைக்கும், வேலை கிடைக்கும் என்று ஒரு தலைமுறைக்கு மேல் விளம்பரம் செய்தது. 2020-இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, பேரில் இருந்த "ஃபேர்" என்பதை எடுத்துவிட்டு "குளோ" என்று வைத்துக்கொண்டார்கள். பேர் மாறினால் போதுமா? இதைவிடக் கொடியவை பேர் தெரியாத களிம்புகள். வெளுப்பதற்காக அவற்றில் பாதரசம் சேர்க்கிறார்கள். கேரளத்து மலப்புரம் ஜில்லாவில் இப்படிப்பட்ட களிம்பைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 2023-இல் வைத்தியர்கள் கண்டார்கள். கறுப்பு யாரையும் கொன்றதில்லை. கறுப்பின் மேலுள்ள வெட்கம் சிறுநீரகத்தைத் தின்கிறது.

சினிமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007-இல் வந்த "சிவாஜி" படத்தில் இரண்டு பெண்களுக்கு முகத்தில் கரி பூசி, அங்கவை, சங்கவை என்று பேர் வைத்துச் சிரிக்க வைத்தார்கள். பாரி மகளிர் இருவருக்கும் தமிழர் வழிவழியாய்ச் சொல்லிவரும் பேர் அது. தகப்பனை இழந்த அந்தப் பெண்களைக் கபிலர் அழைத்துவந்ததாகச் சொல்லப்படும் திருக்கோவலூர் நமக்கு மேற்கே பெண்ணையாற்றங்கரையில் இருக்கிறது. தமிழ்ப் பெருமை பேசும் புலவர்களும் அன்று தியேட்டரில் உட்கார்ந்து சிரித்தார்கள். குண்டு கல்யாணம் என்றும் ஓமக்குச்சி நரசிம்மன் என்றும் நடிகர்களின் பேரோடேயே உடம்பை ஒட்டி வைத்த நாடு இது. தடித்தவன் தின்பதும், மெலிந்தவன் விழுவதும், கறுத்தவள் காதலிப்பதும் சிரிப்புக்குரியவை என்று மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனை என்ன சொல்லிக் கூப்பிடுவான்?

படிப்பும் பதவியும் வந்தால் இது நின்றுவிடும் என்பதும் பொய். கேரளத்தில் தலைமைச் செயலாளராயிருந்த சாரதா முரளீதரன், தமக்கு முன் அப்பதவியிலிருந்த தம் கணவரோடு நிறத்தை ஒப்பிட்டுத் தம் நிர்வாகத்தைக் கறுப்பு என்று ஒருவர் சொன்னதை 2025 மார்ச்சில் தாமே வெளியிட வேண்டியதாயிற்று. ஒரு ராஜ்யத்தின் முதல் உத்தியோகஸ்தருக்கே தோலைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ய முடியவில்லை. ஆனால் அவர் மறைக்காமல் சொன்னார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. 2024-இல் கேரள உயர்நீதிமன்றமும், புகுந்த வீட்டார் ஒரு பெண்ணின் உடம்பைக் கேலி செய்வது சட்டப்படி கொடுமையாகக் கூடும் என்று கருதி, அந்த வழக்கை ரத்து செய்ய மறுத்தது. வெட்கப்பட வேண்டியவர் கேலி செய்தவரே என்ற உணர்ச்சி மெள்ள மெள்ளத் தலையெடுத்து வருகிறது.

ஆகவே தோழர்களே, சட்டத்தையும் கோர்ட்டையும் எதிர்பார்த்துக்கொண்டிராமல் நம் வீட்டிலேயே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. பிள்ளைகளைக் கறுப்பன், குண்டன், ஓணான் என்று கூப்பிடுவதை இன்றே நிறுத்துங்கள். பெண்ணை அலங்கரித்துக் கூடத்தில் நிறுத்தும் சடங்குக்குப் பிள்ளை வீட்டாராகவும் போகாதீர்கள், பெண் வீட்டாராகவும் இடங்கொடாதீர்கள். ஆணும் பெண்ணும் சமமாய் உட்கார்ந்து பேசட்டும். "சிவந்த, மெலிந்த பெண் தேவை" என்ற விளம்பரத்தைக் கண்டால், அந்த வீட்டுக்கு நம் பெண் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாத்தியார்மார்கள் வகுப்பில் முதல் கேலியைச் செய்பவர்களாக இல்லாமல், முதலில் தடுப்பவர்களாக இருக்கட்டும். உங்கள் முன்னால் ஒருவரை உடம்பைச் சொல்லி ஒருவன் கேலி செய்தால், அந்தச் சென்னை மேடை ஆண்களைப்போல் வாய்மூடி நில்லாதீர்கள்.

பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவன் முள்ளைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. தட்டிப் பார்க்கிறான், முகர்ந்து பார்க்கிறான், உள்ளே சுளை எப்படியென்று அறிந்து வாங்குகிறான். ஒரு பழத்துக்குக் கொடுக்கிற நியாயத்தை மனிதனுக்குக் கொடுக்கக் கூடாதா என்பதே நாம் கேட்பது.