கொலையைக் கண்டுபிடிக்கலாம், அடியைக் கண்டுபிடிக்க முடியுமா?



போன சனிக்கிழமை ராத்திரி எங்க கபடி டீம் பசங்க எல்லாரும் ஒரு வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் டப்பிங் தொடர் ஒன்று பார்த்தோம். ஒரு காலேஜ் விளையாட்டு அணியில் வரிசையாகக் கொலை. தடயவியல் ஆட்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள், ஒரு முடியை எடுத்தார்கள், கம்ப்யூட்டரில் போட்டார்கள், கொலைகாரன் போட்டோ வந்துவிட்டது! விளம்பரத்தோடு சேர்த்து மொத்தம் ஒரு மணி நேரம். எல்லாரும் கை தட்டினோம். எனக்கு மட்டும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நிஜத்தில் என்ன நடக்கும்? நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்த கதை இருக்கிறது. பொன் நாவரசு வழக்கு. நம்ம அப்பா அம்மாவைக் கேட்டால் இப்பவும் சொல்வார்கள். 1996 நவம்பர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் நாவரசு முதலாம் ஆண்டு மாணவர். அவர் அப்பா பொன்னுசாமி சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். சீனியர் மாணவன் ஜான் டேவிட் ராகிங் செய்து, அதில் தகராறாகி, கொலையில் முடிந்தது. உடலைத் துண்டாக்கிப் பல இடத்தில் போட்டுவிட்டான். தலையும் கை காலும் இல்லாத உடல் சென்னையில் 21ஜி டவுன் பஸ்ஸில் கிடந்தது. தலை கல்லூரி வளாகத்து நீருக்குள். எலும்புகள் மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில்.

யோசித்துப் பாருங்கள். சென்னைப் போலீசுக்கு இது யாரோ பேர் தெரியாத ஒருவர் உடல். சிதம்பரத்திலோ ஒரு மாணவரைக் காணவில்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது அறிவியல்தான். மண்டை ஓட்டுப் படத்தின் மேல் நாவரசுவின் போட்டோவை அதே அளவில் பொருத்திப் பார்த்தார்கள். கண்குழி, மூக்கின் அடி, தாடை, பல் எல்லாம் உட்காருகிறதா என்று பார்ப்பது இந்தச் சோதனை. அப்புறம் டி.என்.ஏ. நம்ம உடம்பில் பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருகிறது (பயாலஜி குரூப்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்கள் எங்களிடம் கேட்கலாம்). பெற்றோர் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் டி.என்.ஏ. என்பது நம்ம நாட்டுக் கோர்ட்டுக்குப் புதுசு.

சரி, அறிவியல் பேசிவிட்டது. உடனே முடிந்ததா? 1998-இல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2001-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரல் 20-ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் மறுபடியும் குற்றவாளி என்று சொன்னது. பதினாலரை வருஷம்! கொலையை நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. அன்றைக்கு இருவரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கோர்ட்டுக்கு வந்து சொன்னது ரொம்ப உதவியது. அதாவது மைக்ராஸ்கோப்பும் வேண்டும், வாய் திறக்கிற மனுஷனும் வேண்டும்.

விளையாட்டு உலகத்திலும் இது இருக்கிறது. 2021 மே மாதம் டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் சாகர் தன்கர் என்ற 23 வயது மல்யுத்த வீரர் அடித்துக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய சுஷில் குமார்! 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர் ஜாமீனை ரத்து செய்தது. குற்றவாளியா இல்லையா என்பது கோர்ட் வேலை, நான் சொல்லக் கூடாது. ஆனால் அந்த அடிதடியை யாரோ செல்போனில் எடுத்த வீடியோவும் தடயவியல் சோதனைக்குப் போனது. அந்த வீடியோ இல்லையென்றால்?

இப்போது தூக்கம் வராத காரணம். எங்க பெரியப்பா பையன் நம்ம குருபரப்பள்ளி கிரவுண்டில் விளையாடியவன்தான். நல்ல ரைடர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வெளியூர்க் காலேஜில் சீட் கிடைத்தது. ஊரே பட்டாசு வெடித்தது. மூன்றே மாதத்தில் பெட்டியோடு ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டான். "வீட்டு ஞாபகம்" என்றார்கள். இடது காது சரியாகக் கேட்பதில்லை என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. டீம் சீனியர்கள் தினமும் வரிசையில் நிற்க வைத்து அறைந்திருக்கிறார்கள். கிழிந்து ரத்தம் பட்ட பனியனைப் பெரியம்மா துவைத்துத் தரைத்துணியாக்கிவிட்டார். காது டாக்டர் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்டேன். "அது எதுக்குடா இப்போ" என்றார் பெரியப்பா. தடயம் எல்லாம் நாங்களே அழித்துவிட்டோம்! எந்த லேப் வந்து என்ன கண்டுபிடிக்கும்?

என் கருத்து இதுதான். ஒருவர் செத்தால் மட்டும் தடயம் தேடுகிறோம். அடி வாங்கியவனிடம் ஒரு டாக்டர் சீட்டைக்கூட வாங்கி வைப்பதில்லை. கேட்டால் "சீனியர் அடிச்சாதான் உடம்பு இறுகும்" என்று ஒரு தத்துவம். பி.இ.டி. சார் கோபப்பட்டாலும் பரவாயில்லை, எழுதுகிறேன்: உடம்பு இறுக தண்டால் இருக்கிறது, அறை தேவையில்லை.

நாவரசு கொலைக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ராகிங் புகாருக்கு இலவச போன் எண் 1800-180-5522. இந்த வருஷம் பிளஸ் டூ முடித்துக் காலேஜ் போகிற அண்ணன், அக்காக்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடி பட்டால் அன்றைக்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள். துணியைத் துவைக்காதீர்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இதைச் சுவரில் எழுதப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "என் பேரைப் போடாதே" என்றான். அதனால் போடவில்லை.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், உயிரியல் பிரிவு