என் குரலுக்கு எதற்குப் பயிற்சி?

அலுவலகத்தில் 'கோச்சிங்' என்ற சொல் காதில் விழுந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: யாருக்கு, எதில்?

மென்பொருள் நிறுவனங்களில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என்னோடு சேர்ந்த ஆண்களுக்கு மேலாளர்கள் தொழிலைச் சொல்லிக் கொடுத்தார்கள். விலையை எப்படிக் கணக்கிடுவது, வாடிக்கையாளர் முரண்டு பிடித்தால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்பதெல்லாம் டீக்கடையில், சிகரெட் புகைக்கு நடுவே கைமாறியது. எனக்கு ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரி கிடைத்தது: இன்னும் தன்னம்பிக்கையோடு பேச வேண்டும். மறு வருடம் இன்னொரு வரி: தொனியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வரிகளை வைத்துக்கொண்டு யாராவது ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள முடியுமா?

இந்த வியாதி பழையது. 1982இல் அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் பதவிக்கு 88 பேர் முன்மொழியப்பட்டார்கள். அவர்களில் ஒரே பெண் ஆன் ஹாப்கின்ஸ். வெளியுறவுத் துறையிடமிருந்து சுமார் 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைக்க முக்கியக் காரணமாக இருந்தவர். அவர் விஷயத்தில் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த முறை தேற வேண்டுமானால் பெண்மையோடு நடக்க வேண்டும், பேச வேண்டும், உடுத்த வேண்டும், முகப்பூச்சும் நகையும் அணிய வேண்டும் என்று மூத்த பங்குதாரர் ஒருவர் ஆலோசனை சொன்னார். அதுவும் கோச்சிங்தான்! ஹாப்கின்ஸ் வழக்குப் போட்டார். பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அளந்து பதவியை மறுப்பது பாகுபாடே என்பதை 1989இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பிறகு நீதிமன்ற உத்தரவின்படியே அவர் பங்குதாரர் ஆனார்.

'நல்லதுக்குத்தானே சொல்கிறார்கள்' என்பார்கள். இருக்கலாம். மாமியார் வீட்டில் அடக்கமாக இரு என்று அனுப்பிவைத்த அத்தைகளும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். சொல்பவரின் மனதை அளப்பது என் வேலையில்லை. அந்த அறிவுரையால் என் கைக்கு என்ன தொழில் வந்தது என்பதே என் கணக்கு.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021இல் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அதன்படி, தையல் மிஷினில் உட்காரும் பெண்களே பாலியல், சாதித் துன்புறுத்தலைக் கண்டறிந்து முறையிடப் பயிற்சி பெற்றார்கள். மேற்பார்வையாளர்களும் நிர்வாகத்தினரும்கூடப் பயிற்சிக்கு உட்கார வேண்டியிருந்தது. டார்கெட் முடியவில்லை என்று கத்துகிறவனின் தொனியும் அங்கே பாடத்தில் வந்தது. ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் எந்த மேலாளரின் தொனியை யார் திருத்தியிருக்கிறார்கள்?

தோழிகளே, அடுத்த மதிப்பீட்டில் தொனி, அணுகுமுறை, ஆளுமை என்று ஆரம்பித்தால் உடனே தலையாட்டாதீர்கள். எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், நான் சொன்ன எந்த வாக்கியம்? அதனால் வேலைக்கு என்ன கெட்டது? இதே வாக்கியத்தை என் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னபோது அவருக்கு என்ன எழுதினீர்கள்? பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள்.