கீபோர்டை வீசுமுன் ஒரு சோதனை!

ஒரகடம் தொழிற்சாலையில் வேலை வேண்டுமா? கம்ப்யூட்டரில் மனுப் போட வேண்டும். ஈ-மெயில் முகவரியில் ஓர் எழுத்து விழாமல் போனால் பதில் வந்து சேராது! குற்றம் பிள்ளை மீதல்ல. தேய்ந்த கீபோர்டின் மீது.

ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் 'டெல்' கம்ப்யூட்டர்கள் தயாராகின்றன. அப்படிப்பட்ட வட்டாரத்திலும், ஒரு பொத்தான் மக்கர் செய்தால் உடனே புதிது வாங்குவதா? சோதித்த பிறகல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்!

சோதனைக்குக் காசு வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே 'ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு' இருக்கிறது. மவுசால் திறந்தால் திரையில் கீபோர்டுப் படம் வரும். கையால் பொத்தானை அழுத்தினால், படத்திலும் அதே பொத்தான் நிறம் மாறும். மாறவில்லையா? அதுதான் நோயாளி!

ஒரு தட்டு போதாது. தேய்ந்த பொத்தான் ஒன்பது தடவை ஒழுங்காக இருந்து, பத்தாவதில் காலை வாரும். சில பொத்தான்கள் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்துப் போடும். 'நோட்பேடில்' ஒரே எழுத்தை இருபது தடவை தட்டி, எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ஒரே பொத்தான் கெட்டிருந்தால் பெரும்பாலும் தூசி, அல்லது அடியிலுள்ள ரப்பர் குமிழ். பல பொத்தான்கள் சேர்ந்து கெட்டால் கதை வேறு. சாதாரண கீபோர்டில், பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த ஒரு மின்கோட்டைப் பல பொத்தான்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கோடு அறுந்தால் கூட்டத்தோடு போச்சு! அப்போது புதியது வாங்குவதே லாபம்.

முன்பின் தெரியாத சோதனை மென்பொருள் வேண்டவே வேண்டாம். தட்டுவதையெல்லாம் திருடும் கள்ளச் சரக்கும் உண்டு. பாங்கிக் கணக்கின் ரகசியச் சொல் போய்விடும்! பழுது பார்ப்போர், வாடிக்கையாளர் கண்ணெதிரே சோதித்துக் காட்டட்டும். சில நிமிட வேலைதானே!