துருவின் இறுக்கத்தை நம்பாதீர்கள்

டிராக்டருக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்ஜின் ஆயில் மாற்ற வேண்டும் என்பது நம் விவசாயிகளுக்கு மனப்பாடம். ஏர் கிளீனரைச் சுத்தம் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், சக்கரத்தை அச்சோடு பிடித்து நிறுத்தும் நட்டுகளைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்டால், 'பஞ்சரான போது' என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். டிரெய்லரைப் பற்றிக் கேட்டால் அந்தப் பதிலும் வராது.

உழவியல் படித்தவருக்கு வீல் நட்டில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். பருவத்தே பயிர் செய்வதுதான் உழவியலில் பாதி. குறுவைக்கான குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாள்களுக்குள் நட வேண்டும். நாற்று முற்றினால் தூர் குறையும். தண்ணீர் வந்து, தொழி உழவுக்கு வயல் காத்திருக்கும் நாளில் சக்கரம் பஞ்சராகி, நட்டு அசைய மறுத்தால் ஒரு நாள் போகும். மெக்கானிக் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாள்கள் போகும். வாடகை டிராக்டரை நம்பி வரிசையில் நிற்கும் மற்றவர்களின் நாற்றும் சேர்ந்து முற்றும். இது பயிர்ச் சிக்கல். நடவாள்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிய டிரெய்லரின் சக்கரம் சாலையில் கழன்று ஓடினால் அது உயிர்ச் சிக்கல்.

வயலில் துரு வேகமாக வளரும்

துருவுக்கு ஈரமும் காற்றும் போதும். நம் வயலில் அவற்றோடு இன்னும் பல சேர்கின்றன. சேற்றுழவில் சேறு நட்டின் இடுக்கில் புகுந்து பல நாள் ஈரத்தைத் தேக்கி வைக்கிறது. கேஜ் வீலை மாட்டிக் கழற்றும்போது மணல் மரையில் ஏறுகிறது. டிரெய்லரில் ஏற்றும் உர மூட்டைகளிலிருந்து பொட்டாஷும் அமோனியம் உரங்களும் சிந்துகின்றன. பொட்டாஷில் உள்ள குளோரைடு, இரும்பை அரிப்பதில் கடல் உப்புக்குச் சளைத்ததல்ல. நாகை, ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோர மாவட்டங்களில் உப்புக்காற்றும் கூடவே உண்டு.

இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பெருகுகிறது. மரைக்குள் இருக்கும் இம்மியளவு இடைவெளியை அந்தத் துரு அடைத்துக்கொள்வதால்தான் நட்டு கெட்டியாகச் சிக்குகிறது. சில கார், பிக்கப் வண்டிகளில் இரும்பு நட்டின் மேல் பளபளப்பான மெல்லிய தகட்டுக் குல்லாய் போட்டிருப்பார்கள். அதற்குள் தண்ணீர் புகுந்து துரு ஏறினால் குல்லாய் உப்பிவிடும். நேற்று வரை பொருந்திய ஸ்பேனர் இன்று ஏறாது. ஒரு அளவு பெரிய ஸ்பேனர் போட்டாலோ வழுக்கும்.

இறுகியிருப்பதெல்லாம் பிடிப்பு அல்ல

'இறுகித்தானே இருக்கிறது, அதை ஏன் தொட வேண்டும்?' என்பது பலரின் வாதம். இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. துரு பிடித்த நட்டு, போல்ட்டின் மரையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, ரிம்மை அல்ல. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே உள்ள துரு, பெயின்ட், சேறு ஆகியவை ஓட்டத்தில் நசுங்கி உதிரும்போது அங்கே மயிரிழை இடைவெளி விழும். நட்டு அசையாது, ஆனால் ரிம் அசையும். அந்த அசைவு போல்ட்டை நாள்தோறும் இப்படியும் அப்படியும் வளைத்து, ஒரு நாள் முறித்துவிடும்.

அதற்கு முன்பே சக்கரம் சொல்லிவிடும். நட்டின் அடியிலிருந்து ரிம்மின் மேல் செங்கோடாகத் துரு வழிந்திருப்பது, நட்டைச் சுற்றி உலோகம் தேய்ந்து மின்னுவது, ரிம்மின் துளை நீள்வட்டமாவது ஆகியவை அதற்கான அடையாளங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் சுற்றி வந்து பார்த்தாலே இவை கண்ணில் படும்.

சிக்கிய நட்டைக் கழற்றுவது எப்படி?

முதலில் இரும்புக் கம்பி பிரஷ்ஷால் மரையின் வெளிமுனையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு, துருவை இளக்கும் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் நட்டின் பக்கங்களில் சுத்தியலால் அளவாகத் தட்டினால் துருவின் பிடி விடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே முதல் அரைச் சுற்றைத் தளர்த்த வேண்டும். ஜாக்கி அதற்குப் பிறகுதான். ஒரேயடியாகத் திருகாமல், சற்றே இறுக்கி, சற்றே தளர்த்தி, நடுநடுவே ஆயில் விட்டால் மரை கெடாது. பன்னிரண்டு முனை பாக்ஸைவிட ஆறு முனை பாக்ஸ் நட்டின் முனையை மழுங்கடிக்காது.

பழைய லாரி அச்சில் செய்த டிரெய்லர்களில் இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிர்மரை இருக்கலாம். போல்ட்டின் முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருகுங்கள். இல்லாவிட்டால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

உப்பிய குல்லாய் நட்டாக இருந்தால், உளியால் தகட்டைக் கிழித்து எடுத்துவிட்டு, உள்ளே உள்ள நட்டுக்குச் சரியான பாக்ஸைத் தட்டி ஏற்றிக் கழற்றலாம். அந்த நட்டை மீண்டும் மாட்டாதீர்கள். ஒரே துண்டாக வார்த்த முழு நட்டு வாங்கிப் போடுங்கள்.

எதற்கும் அசையாத நட்டுக்கு கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுவது கிராமத்துப் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. டயர் மாட்டியிருக்கும் ரிம்முக்கு அருகில் இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். சூட்டில் டயருக்குள் அழுத்தம் கூடும். உள்ளே ரப்பர் கருகி எரிவாயு உண்டாகி, டயர் குண்டு போல வெடிக்கலாம். காற்றை இறக்கிவிட்டால் மட்டும் இந்த ஆபத்து முழுதாக நீங்காது. நட்டை உளியால் வெட்டி எடுங்கள். போல்ட் போனால் போகட்டும், புதிது போட்டுக்கொள்ளலாம். பின்சக்கர டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதன் எடை சில நூறு கிலோ இருக்கும் என்பதை மறந்து தனியாளாகக் கழற்றாதீர்கள். வயலில் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை அவசியம்.

மாட்டுவதில்தான் விஷயம்

ரிம்மும் ஹப்பும் சேரும் முகங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். அங்கே பெயின்ட் பூச்சு தடிமனாக இருக்கக் கூடாது. கூம்பு முனை உள்ள நட்டுகளில் கூம்பு ரிம்மைப் பார்த்து இருக்க வேண்டும். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். கையேட்டில் சொல்லியிருந்தால் தவிர, மரைக்கு கிரீஸ் போடாதீர்கள். வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகி போல்ட் இழுபட்டுவிடும். இறுக்கிய பிறகு வெளியே நீண்டிருக்கும் மரையில் கிரீஸ் தடவினால் தண்ணீர் ஏறாது.

ஸ்பேனரில் பைப் மாட்டி, அதன் மேல் ஏறி மிதிப்பது இறுக்குவது ஆகாது. ஒரு அடி ஸ்பேனரை மூன்று அடியாக்கினால் போல்ட்டின் மேல் விழும் முறுக்கும் மூன்று மடங்காகிறது. கையேட்டில் குறித்த அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். சக்கரம் மாட்டி ஒரு நாள் வேலை முடிந்ததும் மறுபடி இறுக்கம் பாருங்கள். ஒரு போல்ட் முறிந்திருந்தால் அதன் இரு பக்கத்து போல்ட்டுகளையும் மாற்றுங்கள். ஒன்றின் சுமையை அவைதான் சுமந்திருக்கும்.

துறை செய்ய வேண்டியது

2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் வழியே மானியத்தில் இயந்திரங்களும் வாடகை மையங்களும் கிராமங்களுக்கு வந்தன. சாவி கொடுக்கும் விழா நடக்கிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. அந்த மேடைக்கு அருகிலேயே ஒரு மணி நேரம், சக்கரத்தைக் கழற்றி மாட்டும் பயிற்சியையும் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டம் கார்லதின்னேயில் தென்மண்டல இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய் வர எல்லோராலும் முடியாது. வட்டார அளவில் வேளாண் பொறியியல் துறையும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு வாடகை மையத்திலும் ஒரு டார்க் ரெஞ்சும், சக்கரம் எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதும் ஒரு பதிவேடும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு, நடவு நேரத்தில் டிராக்டர் சில நாள் முடங்கும் இழப்போடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

விவசாயிகளுக்கு ஒரு யோசனை. ஆயுத பூஜைக்கு டிராக்டரையும் டிரெய்லரையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வரும் நாள் அது. பொட்டு வைப்பதற்கு முன், ஒவ்வொரு சக்கரமாக நட்டுகளைக் கழற்றி, துடைத்து, அளவாக இறுக்குங்கள். கோடை உழவுக்கு முன்பும் ஒருமுறை செய்யுங்கள். வருடத்துக்கு இந்த இரண்டு நாள் போதும். நட்டு துருவில் சிக்காது, சக்கரமும் வழியில் கழலாது.