"பழகிவிடும்" என்றால் பேசாமல் வந்துவிடுவதா?



கடன்பட்டுக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறோம். பிள்ளையோ தலைவலி என்று வகுப்பில் கழற்றி வைக்கிறது. கடையில் கேட்டால் "போடப் போடப் பழகும்" என்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறுகிறோம்.

சில நாள் பழகத்தான் வேண்டும். கிழமைக்கணக்கில் வலித்தால்? பவர் சரியாக இருந்தாலும், வில்லையின் மையம் கண்மணிக்கு நேரே வராவிட்டால் தலை வலிக்கும். அதை மில்லிமீட்டரில் அளப்பது கடைக்காரரின் வேலை. மூக்கில் வழுகும் பிரேமைச் சரிசெய்வதும் அவர் கடமை, தர்மமல்ல.

பிழை யாருக்கும் வரும். காசை வாங்கிக்கொண்டு திருத்த மறுப்பது அளவில் குறைவைப்பதுதான். அதைக் கண்டிக்கும் சூராவை ஓதும் நாம் வாய்மூடி இருக்கலாமா?

பில்லோடு திரும்பிப் போவோம். மறுத்தால், வாங்கி 3 மாதத்துக்குள் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுவோம். இலக்கம் 1977.