வெட்கமா, வேதனையா?

காஞ்சி பிள்ளையார்பாளையத்துத் தறியோசை ஊருக்கே கேட்கிறது. அந்தத் தறியில் அமர்ந்த தாய் இருமினால் சிறுநீர் கசிகிறதே, அது யார் காதில் விழுகிறது? பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று சேலையை மாற்றிக்கொண்டு வாய்மூடுகிறாள்.

தீராத நோயா இது? இடுப்படித் தசைப் பயிற்சியிலேயே பலருக்குக் குறையும். குறையாதவருக்கு அறுவை உண்டு. சுவீடன் மருத்துவர் உல்ம்ஸ்டன் 1996இல் அறிவித்த நாடா முறையில், 17 ஆண்டுக்குப் பின் சோதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கசிவில்லை. ஆனால், சிலருக்கு அந்தச் செயற்கை நாடா உள்ளே அரித்தது, வலி ஓயவில்லை. இங்கிலாந்து 2018இல் அதை நிறுத்தி வைத்தது. அவள் உடம்பின் தசையுறையையே நாடாவாக்கும் முறையும் உண்டு. அதற்குப் பெரிய வெட்டு வேண்டும்.

நன்மை தீமை இரண்டையும் தமிழில் சொல்லி, அவள் சம்மதித்த பிறகே கத்தி எடுக்கவேண்டும். அரசினர் மருத்துவமனைகளில் இதைக் கேட்டுப் பெறுவோம். அதற்கு முன், தோழா, உன் வீட்டில் கேட்டாயா?