வேதாளம் வரட்டும்!

பேய்க் கதை பாலர்க்கு ஆகாது என்று எங்கள் தூத்துக்குடியில் பெற்றோர் சிலர் அபிப்பிராயப்படுகின்றனர். நான் உடன்படேன்.

1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கி, பிற்காலத்தில் நின்றுபோன ‘அம்புலிமாமா’வை நினைத்துப் பாருங்கள். 2020-இல் மறைந்த ஓவியர் சங்கர் தீட்டிய படத்தில், விக்கிரமாதித்தன் வாளேந்தித் தோளில் பிணத்தைச் சுமந்து செல்கிறான். குழந்தை தாயின் முந்தானையைப் பற்றிக்கொள்ளும். ஆயினும் கண்ணை எடுக்காது! அவ்வேதாளமே முடிவில் சந்நியாசியின் வஞ்சகத்தை உரைத்து மன்னன் உயிரைக் காக்கிறது. இதைவிட நல்ல நட்புக் கதை ஏது?

முத்துக் குளித்த நாட்களில் இக்கரையில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ இருந்தார். அவரின்றிக் குளியாளிகள் கடலில் இறங்கமாட்டார்கள். அச்சம் போகவில்லை, துணை இருந்தது.

இன்றைய படப் புத்தகங்களில் பூதம் சிரித்துக்கொண்டே வருகிறது. சற்று உறுமினாலும் குற்றமில்லை. விளக்கணைக்குமுன் அருகமர்ந்து வாசிக்க ஒருவர் வேண்டும். என் மாணவர் இல்லங்களில் அவரைத்தான் காணேன்.